அஞ்சு மாடி, நாலு கிலோ

ஆறாவது ஆளாகக் கட்டிட மேனேஜர் காலை வைத்ததும் லிஃப்ட் "கீ கீ" என்று கத்தியது.

காலை எடுத்தார். நின்றது. வைத்தார். கத்தியது. உள்ளே இருந்த ஒருவரும் இறங்குகிற வழியாக இல்லை. அவரவர் செருப்பை அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆறு பேர் ஏறலாம்னு போர்டு இருக்கே, அப்புறம் ஏன் கத்துது?" என்ற மேனேஜரின் பார்வை, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த லிஃப்ட்டுக்காரரின் தொப்பையில் வந்து நின்றது. "மாசக் கடைசிக்குள்ள நாலு கிலோ குறைச்சிடுங்க. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்!"

இருபது வருஷமாகப் பட்டன் அமுக்கியதைத் தவிர லிஃப்ட்டுக்காரருக்கு வேறு வேலை தெரியாது.

ஐந்தாவது மாடி டாக்டர் எடை பார்த்தார். மெஷினை அலமாரி மேல் தூக்கி வைத்தபடியே, "தினம் அரை மணி நேரம் உடற்பயிற்சி பண்ணுங்க" என்றார்.

"லிஃப்ட்டை விட்டு அரை நிமிஷம் நகர முடியாதே டாக்டர்!"

"சேர்ந்தாப்புல செய்யணும்னு யார் சொன்னா? பத்துப் பத்து நிமிஷமாப் பிரிச்சுக்குங்க."

பிரிப்பது என்று ஆன பிறகு என்ன கஞ்சத்தனம்? முப்பதாகப் பிரித்தார். லிஃப்ட் காலியாகும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிடம் குதிப்பது.

முதல் நாள் ஐந்தாவது மாடியில் குதித்த குதியில் சுவரே அதிர்ந்தது. டாக்டர் அறைக்குள் ஏதோ டமாரென்று விழுந்தது. லிஃப்ட்டுக்காரர் ஒன்றும் தெரியாத பிள்ளையாகக் கீழே வந்துவிட்டார். அவர் வருவதற்குள், "லிஃப்ட் கம்பி அறுந்துபோச்சாம்!" என்ற செய்தி வந்துவிட்டது.

சரி, குதிக்க வேண்டாம் என்று நின்ற இடத்திலேயே ஓடினார். மூடிய கதவுக்குப் பின்னால் திபுதிபுவென்று சத்தம். "உள்ள யாரையோ துரத்துறாங்க!" என்று டைப்பிஸ்ட் பெண் அலறினாள்.

சத்தமே வேண்டாம் என்று உட்கார்ந்து எழுந்தார். பதினெட்டாவது தடவை முட்டி பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. தரையோடு தரையாகக் கிடந்தவரைப் பார்த்த வக்கீல், "ஐயையோ, ஆபரேட்டரே பயந்து பதுங்கிட்டார்!" என்று படியை நோக்கி ஓடினார்.

அன்றோடு லிஃப்ட்டில் ஏற ஆளில்லை. மெக்கானிக் வந்து, "ஒரு கோளாறும் இல்லைங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். யார் நம்பினார்கள்? மேனேஜர் முதற்கொண்டு கட்டிடமே மூச்சிரைக்கப் படியேறியது. லிஃப்ட்டுக்காரர் மட்டும் உள்ளே தனியாக, மனதாரக் குதித்துக்கொண்டிருந்தார்.

மாசக் கடைசி. எல்லோரும் வேடிக்கை பார்க்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு மெஷினில் ஏறினார்.

"கரெக்டா நாலு கிலோ குறைஞ்சிருக்கு!" என்றார் டாக்டர்.

லிஃப்ட்டுக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. மேனேஜருக்கும் ஆசை வந்தது. ஏறினார். அவருக்கும் நாலு கிலோ குறைவு. வக்கீலுக்கும் நாலு. ஒல்லிக்குச்சி டைப்பிஸ்ட்டுக்கும் நாலு!

"எல்லாம் உங்க புண்ணியம்!" என்று மேனேஜர் அவரைக் கட்டிக்கொண்டார். "நீங்க ரிட்டயர் ஆகிற வரைக்கும் இந்த வேலை உங்களுக்குத்தான்!"

தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் டாக்டரய்யா, அன்னிக்கு லிஃப்ட்டு குலுங்கினப்ப அலமாரி மேலேருந்து விழுந்துச்சே, அந்த மெஷினை இன்னுமா ரிப்பேருக்குக் குடுக்கல?"