பாஸலிலிருந்து வந்த இலை

"ட்ரின், மேசை மேல கடிதத்தோட ஒரு காய்ஞ்ச இலை இருந்துச்சே, எங்கே?"

"அதுவா? பட்டாணி சூப்புல போட்டுட்டேன். நீங்கதான் ரெண்டு கிண்ணம் குடிச்சீங்களே ஐயா!" என்றாள் சமையல்காரி.

லெய்டன் நகர வைத்தியர் எவரார்ட் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பாஸல் நகர வைத்தியர் கொன்ராட் பனிமலையில் தொங்கிக்கொண்டு பறித்த இலை அது. 'இருமல் நோயாளிக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துப் பாரும். கைக்கு எட்டியது இந்த ஒன்றுதான்' என்று எழுதியிருந்தார். இருபது வருடமாகச் செடிகளையும் நோயாளிகளையும் பற்றிக் கடிதம் எழுதிக்கொள்ளும் சிநேகம். சூப்பில் போய்விட்டது என்று எந்த முகத்தோடு எழுதுவது?

'கொடுத்தேன். மூன்றே நாளில் இருமல் நின்றது' என்று எழுதிவிட்டார்.

கொன்ராட்டின் பதில் துள்ளிக்கொண்டு வந்தது. 'நோயாளி யார்? சளி என்ன நிறம்?'

எவரார்ட் பக்கத்து ரொட்டிக்கடை ஹூபர்ட்டின் பெயரை எழுதினார். சளிக்கு மஞ்சள் நிறம் கொடுத்தார்.

'செடிக்கு உம்முடைய பெயரையே வைக்கிறேன். என் மூலிகைப் புத்தகம் அச்சேறுமுன் நோயாளியைப் பார்க்க மனைவியோடு நேரில் வருகிறேன்!' என்று அடுத்த கடிதம் வந்ததும் எவரார்ட் ரொட்டிக்கடைக்கு ஓடினார்.

"எனக்கு இருமலே வந்ததில்லையே, வைத்தியரய்யா!" என்றார் ஹூபர்ட்.

"அதான்யா வேணும்! குணமானவன் இருமவா செய்வான்? நீ சும்மா உட்கார்ந்திரு, போதும்."

கொன்ராட் வந்து, ஹூபர்ட்டின் நெஞ்சில் காது வைத்தார். பயத்தில் ஹூபர்ட் எச்சிலை விழுங்க, புரையேறியது. பிடித்துக்கொண்டது இருமல், நிற்கவே இல்லை.

"ஓ, ஒரு இலை போதலை!" கொன்ராட் தடியை ஊன்றி எழுந்தார். "மறுபடியும் அந்தப் பாறையில ஏறி ஒரு மூட்டை பறிச்சிட்டு வரேன். எங்க ஊர்ல இருமுற குழந்தைங்களுக்கெல்லாம் இதைத்தான் கொடுக்கப்போறேன்."

அறுபது வயதில் மறுபடியும் பனிமலையில் தொங்குவதா! எவரார்டால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"ஏறாதீரய்யா! எல்லாம் பொய். இவனுக்கு நோயே கிடையாது. உம்ம இலை சூப்புல போயிடுச்சு. குடிச்சது நான்!"

கொன்ராட்டின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. "இருபது வருஷ நட்பு! என் இலை! சூப்பா?"

கூட வந்திருந்த அவர் மனைவி வெரீனா நெஞ்சில் கைவைத்து, நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா! நிஜ இலையை நம்ம வெள்ளாடு தின்னுடுச்சுங்க. நீங்க கத்துவீங்களேன்னு, சூப்புக்குக் காயவெச்ச செலரிக் கீரையைத்தான் நான் உறையில வெச்சு அனுப்பினேன்."