மாப்பிள்ளை கார்டு வாங்காத வரலாறு

மகத்தான சாதனைகள் எல்லாம் எதையாவது செய்ததால் வந்தவை என்றொரு தவறான கருத்து உலகில் நிலவுகிறது. என் தங்கையின் கணவரைச் சந்திக்காதவர்கள் கிளப்பிவிட்ட வதந்தி அது. அவர், கம்ப்யூட்டரில் படங்களை வேகமாக ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்காமலே இருந்து புகழ் பெற்றவர்.

தங்கைக்குச் சொந்தத் தொழில். இன்னும் கட்டாத வீட்டைக் கம்ப்யூட்டரில் கட்டி, உள்ளே நடந்து போவதுபோல் படமாக்கித் தருவாள். பழைய கார்டில் வாசற்கதவு திறப்பதற்குள் சமையலே முடிந்துவிடும். இந்த நேரத்தில் ஒரு பெரிய கட்டடக்காரர், "முழு அடுக்குமாடியையும் நடந்து பாக்கணும்மா, முடியுமா?" என்று கேட்டுவிட்டார். நல்ல கார்டு இருந்தால் முடியும்.

வீட்டில் எதை எப்போது வாங்குவது என்பது மாப்பிள்ளையின் இலாகா. அவர் உடனே சாப்பாட்டு மேஜையில் 'உயர்மட்ட ஆய்வு' தொடங்கினார்.

"இப்ப வாங்குறவன் ஏமாளி, மச்சான். புது மாடல் வரப்போகுது. வந்ததும் இதோட விலை மடமடன்னு இறங்கும்."

புது மாடல் வந்தது. பழையது இறங்கவில்லை, கடையை விட்டே காணாமல் போனது.

"அப்ப புதுசையே வாங்கிடலாமே, மாப்பிள்ளை?"

"முதல் லாட்டா? இருக்கிற கோளாறெல்லாம் அதுலதான் இருக்கும். மத்தவன் வாங்கி அனுபவிக்கட்டும்."

மற்றவர்கள் வாங்கி நன்றாகவே அனுபவித்தார்கள். விலைதான் ஏறியது.

"பாத்தீங்களா? மார்க்கெட் சரியில்லன்னு அப்பவே சொன்னேன்ல!"

அவர் சும்மா இருந்தார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வரப்போகும் கார்டுக்காகக் கம்ப்யூட்டருக்குக் கண்ணாடிப் பெட்டி, அதைக் குளிர்விக்கக் குட்டி மின்விசிறிகள், வண்ண விளக்குகள் எல்லாம் வாங்கி மாட்டினார். நடுவில் காலியிடம், தலைவர் வராத மேடைபோல் ஜொலித்தது. அப்படி ஜொலித்தே மின்விசிறிகளின் வாரண்டியும் முடிந்தது.

"பெட்டி மட்டும் வாங்கத் தெரியுதுல்ல?" என்றாள் தங்கை. "அந்த மனுஷன் போன் மேல போன் போடுறாருங்க!"

"அவசரப்பட்டா டெக்னாலஜி புரியாதும்மா."

கட்டடக்காரருக்கு டெக்னாலஜி புரியவில்லை. வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்; மற்ற வாடிக்கையாளர்களும் பின்னாலேயே போனார்கள். கடைசியில் தங்கையும் போனாள், அங்கே சம்பளத்துக்கு. அதே அடுக்குமாடியின் கதவுகளைத்தான் திறந்துகொண்டிருக்கிறாள். படத்தின் ஓரத்தில் வேறொருவர் பெயர்.

மாப்பிள்ளை நிம்மதிப் பெருமூச்சு விட்டார். "நல்லதாப் போச்சு, மச்சான். இனி வீட்டுக்குக் கார்டு அவசரமே இல்ல. நிதானமாப் பாத்து வாங்கலாம்."

ஒரு மனிதருக்கு இத்தனை பொறுமை எப்படி வாய்த்தது என்று சொந்தக்காரர்கள் வியக்கிறார்கள். வியக்க ஒன்றுமில்லை. காத்திருந்தது அவர், நஷ்டப்பட்டது அவள். இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் பொறுமை எனக்கும் வரும்.