ஏழு கிலோ பையில் ஒரு குப்பி எண்ணெய்

இந்தத் தடவை சொல்லியே தீருவது என்று தங்கச்சன் முடிவு செய்திருந்தான். முடிவு செய்தது ஷைனி லீவில் வந்து இறங்கிய அன்று. இன்றைக்கு இருபத்தொன்பதாம் நாள். இன்னும் சொன்னபாடில்லை.

சொல்ல வேண்டியது பெரிய பிரசங்கம் ஒன்றுமில்லை. "நீ போக வேண்டாம், இங்கேயே இரு." எண்ணி ஐந்தே சொல். ரப்பர் விவசாயிகள் சங்கத்தில் மைக்கைப் பிடித்தால் விடாத ஆள் தங்கச்சன். கட்டின பெண்டாட்டி எதிரே நின்றால் மட்டும் வாயில் கொழுக்கட்டை வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் அயர்லாந்தில் நர்ஸ். இவன் கேரளத்துக் கோழஞ்சேரியில் நாலு ஏக்கர் ரப்பருக்குக் காவல். வருஷத்தில் முப்பது நாள் கல்யாண வாழ்க்கை, மிச்ச நாளெல்லாம் வாட்ஸ்அப். பதினொரு வருஷமாக இப்படித்தான் குடும்பம் நடக்கிறது.

அவளும் கூப்பிடாமல் இல்லை. ஒவ்வொரு லீவிலும் கூப்பிடுவாள். "நீங்க அங்க வந்துடுங்க இச்சாயா" என்பாள். இச்சாயா என்றால் அவர்கள் வீட்டு வழக்கில் அத்தான். "மரத்துல பால் யார் வெட்டறது?" என்பான். அடுத்த வருஷம் கூப்பிட்டால், "அங்க குளிரு" என்பான். அதற்கடுத்த வருஷம், நாய் ஏங்கிப்போகும் என்றான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் விசா மனுவை அவன் கையிலேயே கொடுத்தாள். "பார்க்கலாம்" என்று மேசை டிராயரில் வைத்தான். அது அங்கேயே கிடந்து கெடு முடிந்துபோயிற்று. இந்த வருஷம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதுவே அவனுக்கு என்னவோபோல இருந்தது.

இருபத்தொன்பதாம் நாள் மத்தியானம், அவள் குளியலறை அலமாரியைக் காலி பண்ண ஆரம்பித்தாள். பெட்டி கட்டுவதைக்கூடத் தங்கச்சன் பார்த்துவிடுவான், இதை மட்டும் அவனால் பார்க்க முடியாது. வருஷத்தில் பதினொரு மாசம் அந்த அலமாரியில் ஒரு ரேஸரும் அரை சோப்பும்தான் குடியிருக்கும். அவள் வந்த மறுநாளே முகத்துக்கு ஒரு கிரீம், காலுக்கு ஒரு கிரீம், பவுடர், ஷாம்பு, கண்மை, எதற்கென்றே தெரியாத ஏழெட்டுக் குப்பி என்று கடைவீதி மாதிரி நிறைந்துவிடும். ரேஸரை வைக்க இடமில்லாமல் ஜன்னலில் வைப்பான். வெளியே முணுமுணுத்துக்கொள்வான், உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். வீட்டில் ஆள் இருக்கிறது என்பதற்கு அவனுக்கு அதுதான் அத்தாட்சி.

ஷைனி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெரிய குப்பியிலிருந்து சின்னக் குப்பிக்கு ஷாம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஜிப் வைத்த கண்ணாடிப் பை ஒன்று வாயைத் திறந்துகொண்டு இருந்தது.

"எதுக்கு இந்தக் கஷ்டம்? அப்படியே தூக்கிப் போடேன்."

"கையில கொண்டுபோற பைல எது வச்சாலும் நூறு மில்லிக்குள்ள இருக்கணும் இச்சாயா. எல்லாக் குப்பியும் சேர்ந்து இந்த ஒரு பைக்குள்ள அடங்கணும்."

"பெரிய பெட்டியில போடறதுதானே?"

"போன தடவை பெரிய பெட்டி ரெண்டு நாள் கழிச்சு வந்துச்சு. ரெண்டு நாள் ஆஸ்பத்திரி சோப்புல தலை குளிச்சேன். தலை தென்னந்துடைப்பம் மாதிரி ஆயிடுச்சு."

"பேஸ்ட்டு?"

"பேஸ்ட்டும் கணக்குதான்."

"பேஸ்ட்டு எப்படித் தண்ணியாகும்?"

"பிதுக்கினா வர்றதெல்லாம் தண்ணிதான். அவங்க சட்டம்."

"நூத்தியோரு மில்லி இருந்தா?"

"புடுங்கிக் குப்பையில போடுவாங்க. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மா, பொது அறிவுக்கு."

சும்மா கேட்ட தங்கச்சன், சும்மா இல்லாமல் வேலி தாண்டி குருவிளாவைப் பார்க்கப் போனான். குருவிளா இருபது வருஷம் குவைத்தில் இருந்து திரும்பியவன். விமானம் பற்றிய சகல சந்தேகங்களுக்கும் கோழஞ்சேரியில் அவன்தான் கடைசி வார்த்தை.

"புடுங்கிப் போடணும்னு இல்ல தங்கச்சா" என்றான் குருவிளா. "வெளிய ஆள் நிக்குதுன்னு கெஞ்சிக் கேட்டா, சில சமயம் வாசல்ல கொண்டுபோய்க் குடுக்க விடுவாங்க. என் மச்சினன் பொண்டாட்டி அப்படித்தான் காய்ச்சின எண்ணெயைக் கொண்டுவந்து எங்க கையில குடுத்துட்டுப் போனா. அஞ்சு நிமிஷம் நின்னு பேசினா. ஆனா பாஸ்போர்ட்டுல முத்திரை குத்திட்டா நடக்காது."

"ஷைனிக்கு டில்லி வழியாத்தான் டிக்கெட்டு. முத்திரை டில்லியிலதான்."

"அப்ப நடக்கும். ஏண்டா, என்ன விஷயம்?"

தங்கச்சன் விஷயத்தைக் காதோடு சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினான். அவனுக்கு அவனைப் பற்றி ஒன்று நன்றாகத் தெரியும். கதவு சாத்தினால்தான் அவனுக்கு வாய் திறக்கும். ஒவ்வொரு வருஷமும் அவள் கண்ணாடிக் கதவுக்குள் போய் மறைந்த அடுத்த நிமிஷம், சொல்ல வேண்டியதெல்லாம் அருவியாகக் கொட்டும். யாரிடம் சொல்வது? கார் பார்க்கிங்காரனிடமா? உள்ளே போனவள் ஒரே ஒரு தடவை திரும்பி வாசலுக்கு வந்தால் போதும். ஐந்து நிமிஷம் அவனுக்குத் தாராளம்.

சாயங்காலம் ஷைனி சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து, மூலிகை போட்டுக் காய்ச்சின தேங்காயெண்ணெய்க் குப்பி ஒன்றை எடுத்து, அவளுடைய கைப்பையில் ஸ்வெட்டருக்குள் சுருட்டி வைத்தான். முந்நூறு மில்லி. எந்தக் குருடனும் கண்டுபிடித்துவிடுவான். அப்புறம்தான் எடை ஞாபகம் வந்தது. பை ஏழு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஷைனி எடை மெஷின் மேல் பையோடு ஒரு தடவை, பையில்லாமல் ஒரு தடவை ஏறி நின்று, சரியாக ஏழு கிலோவில் கட்டி வைத்திருந்தாள். தங்கச்சனா கொக்கா. குப்பி அரைக் கிலோ கனம் என்றால், அரைக் கிலோ வெளியே வர வேண்டும். அவள் ஆசை ஆசையாகத் தேங்காயை வறுத்து இடித்து வைத்த சம்மந்திப்பொடிப் பொட்டலம் சரியாக அரைக் கிலோ. அதை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்தான். புத்திசாலி என்று தனக்குத்தானே ஒரு சர்ட்டிபிகேட்டும் கொடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். நெடும்பாசேரி விமான நிலையம் வரை மூன்று மணி நேரம். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். இவன் விசிலடித்துக்கொண்டு ஓட்டினான்.

வாசலில் இறங்கியதும் அவள் கேட்டாள். "வருஷா வருஷம் இந்த இடத்துல மூக்கை உறிஞ்சுவீங்க. இந்த வருஷம் என்ன, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிக்கறீங்க?"

"பழகிடுச்சு."

"பழகிடுச்சா?"

"எத்தனை வருஷம்தான் அழறது? நீ போ, நேரமாச்சு."

அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள். தங்கச்சன் தூணோரம் நின்று ஒத்திகை பார்த்தான். பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. அரை மணியும் தாண்டியது. விமானத்தில் ஏறியே விட்டாளோ? குப்பியைக் குப்பையில் போட்டுவிட்டார்களோ? காலையில் அடித்த விசிலெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. இன்னும் பதினொரு மாசம் ரேஸரும் அரை சோப்பும்தான் என்று நினைத்ததும், நடுவாசலில், கூட்டத்துக்கு முன்னால், உண்மையாகவே அழுகை வந்துவிட்டது.

அப்போது அவள் வந்தாள். ஒரு கையில் எண்ணெய்க் குப்பி, தோளில் கைப்பை, பின்னால் துப்பாக்கியோடு ஒரு காவலர். அவர் ஐந்து விரலை விரித்துக் காட்டினார்.

"இது எப்படி என் பைக்குள்ள வந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்?"

"தெரியாதவர் எதுக்குக் கதவையே பார்த்துக்கிட்டு நிக்கறீங்க? கார் அந்தப் பக்கம் இல்ல நிக்குது?"

தங்கச்சன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டான். "நீ போக வேண்டாம், இங்கேயே இரு."

ஷைனி குப்பியை அவன் கையில் வைத்தாள். "நாளன்னிக்கு எனக்கு டியூட்டி. பென்ஷனுக்கு இன்னும் எட்டு வருஷம் வேலை பார்க்கணும். திடீர்னு இருன்னா எப்படி?"

"எட்டு வருஷமா?" அவனுக்குக் குரல் உடைந்தது. "என்னால ஆகாது ஷைனி. காலையில எழுந்து அந்த அலமாரியைப் பார்த்தா எனக்கு உயிரே போகுது. ரெண்டு பேர் சாமானும் ஒரே அலமாரியில இருக்கணும். அது போதும் எனக்கு. எந்த ஊர்னாலும் சரி."

"எந்த ஊர்னாலும்?"

"எந்த ஊர்னாலும்."

"குளிரா இருந்தாலும்?"

"பனியே கொட்டினாலும்."

"மரத்துல பால் யார் வெட்டறது?"

"மரம் கெடக்குது. மரத்தையா கட்டிக்கிட்டேன்?"

ஷைனி கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து நாலைந்து தாளை எடுத்தாள். குப்பியை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, தாளை அவன் கையில் கொடுத்தாள்.

"இங்க ஒரு கையெழுத்து. கடைசிப் பக்கத்துல ஒண்ணு."

"என்னது இது?"

"உங்க விசா மனு. எல்லாம் நிரப்பிட்டேன். போட்டோவும் ஒட்டியாச்சு."

"போட்டோ எப்ப எடுத்த?"

"போன வாரம் ரேஷன் கார்டுக்குன்னு கூட்டிட்டுப் போனேனே, அது."

தங்கச்சன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தரையிலிருந்த குப்பியைப் பார்த்தான். "அப்ப, இந்த எண்ணெய்..."

"இன்னிக்குக் காலையிலயே பார்த்துட்டேன். கஞ்சிக்கு நீங்க சம்மந்திப்பொடி தொட்டுக்கிட்டீங்க. நான் இடிச்சது மொத்தமும் என் பைல இருக்கு, இவருக்கு ஏதுன்னு போய்ப் பார்த்தேன். பொடி இல்ல, எண்ணெய் இருக்கு."

"பார்த்துட்டு எடுக்கலையா?"

"எடுக்கத்தான் போனேன். அப்புறம், நூத்தியோரு மில்லின்னு நீங்க கேட்டது ஞாபகம் வந்துச்சு. என்னை வாசலுக்கு வரவச்சு ஏதோ சொல்லணும்னு மனுஷன் இவ்வளவு மெனக்கெட்டிருக்கார், சொல்லட்டுமேன்னு விட்டுட்டேன். வீட்டுல வச்சு இந்தத் தாளை நீட்டினா டிராயருக்குப் போகும். இங்க வச்சு நீட்டினாத்தான் கையெழுத்தாகும்." சொல்லிக்கொண்டே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பதினொரு வருஷமா நானும் தனியாத்தான் இருக்கேன் இச்சாயா. எனக்கு மட்டும் என்ன, பழகியா போச்சு?"

அவள் கண் கலங்கியிருந்தது. காவலரே பேனாவை எடுத்து நீட்டினார். அவர் முதுகில் தாளை வைத்து எழுத முடியாது என்பதால், தங்கச்சன் தூணில் வைத்து இரண்டு கையெழுத்தும் போட்டான். அவள் தாளை உறையில் போட்டு, அவன் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள். இந்தத் தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மூன்று மணி நேரம் தனியாகக் கார் ஓட்டி வந்தான். வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது, குப்பி மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்து பார்த்தான். அவள் தலைமுடி வாசனை அப்படியே இருந்தது. டீ ஆறிப்போகும் வரை மூடாமல் வைத்திருந்தான்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது குருவிளா வேலியோரம் காத்திருந்தான்.

"என்னடா, வாசலுக்கு வந்தாளா?"

"வந்தா."

"சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டியா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"சபாஷ். இனி அவ ஊரோட இருந்துடுவா, இல்ல?"

தங்கச்சன் காரைப் பூட்டினான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"குருவிளா, நாலு ஏக்கர் ரப்பரைப் பார்த்துக்கறதுக்கு நம்பிக்கையான ஆள் யாராவது இருந்தா சொல்லேன்."