முப்பதாவது கையெழுத்து

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. எந்த நல்ல காரியமானாலும் முதல் ஆளாகக் கை தூக்குவார்கள். தூக்கிய கையால் கையெழுத்துப் போடச் சொன்னால் மட்டும் சுளுக்கிக்கொள்ளும். இவர்களைக் கொள்கையளவுக்காரர்கள் என்று சொல்லலாம். எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். எதிரியோடாவது சண்டை போட்டு ஜெயிக்கலாம். இவரை என்ன செய்வது? இவர் நம் கட்சியாயிற்றே!

ஜெர்மனியில், எங்கள் லிண்டன்பாக் ஊரில் எக்கார்ட் ப்ரூமல் இருக்கிறார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். எண்ணெயும் எரிவாயுவும் எரிக்காமல் குளிர்காலத்தில் ஊரைச் சூடாக வைப்பது எப்படி என்று நகராட்சி யோசிக்க ஆரம்பிப்பதற்கு ஆறு வருஷம் முன்பே யோசித்து முடித்தவர். தயிர்க் கிண்ணத்து மூடியைக் கழற்றி, கழுவி, காயவைத்து, தனித் தொட்டியில் போடுகிறவர், ஜனவரிப் பனியிலும் காலையில் சரியாகப் பத்து நிமிஷம் எல்லா ஜன்னலையும் விரியத் திறந்து வைக்கிறவர், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்த பதினோரு திட்டக் கூட்டங்களிலும் முன்வரிசையில் உட்கார்ந்து, வெண்ணெய் தடவிய பிரெட்ஸல் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து, "கொள்கையளவுல நான் நூத்துக்கு நூறு ஆதரவு. ஆனா, மூணு விஷயம்" என்று ஆரம்பித்து, பதினேழாவது விஷயத்தில் தண்ணீர் குடிக்கிறவர். கூட்டம் கலைந்த பிறகும் நாற்காலிகளிடம் பேசிக்கொண்டிருப்பார்.

கடைசியில் திட்டம் வந்தது. கழிவுநீரிலிருந்து சூட்டைப் பிரித்தெடுத்து, வெந்நீராக்கி, குழாய் வழியே வீடு வீடாக அனுப்புவார்கள். ஹோலுண்டர் தெருவில் நாற்பத்தொரு வீடு. முப்பது கையெழுத்து, வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள். இல்லையென்றால் குழாய் அடுத்த தெருவுக்குப் போய்விடும். திரும்பி வரப் பத்து வருஷம் ஆகும்.

கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறி இறங்கியது யார்? சாட்சாத் ப்ரூமல்தான். அதிலும் பக்கத்து வீட்டு ஸ்வென்யாவுக்காகவே. ஆஸ்பத்திரி நர்ஸ், இரண்டு பிள்ளைகள், வீட்டைச் சூடாக்க ஒரு கிழட்டு எண்ணெய்க் கொதிகலன். புகைபோக்கி ஆய்வாளர் வந்து பார்த்து, "இந்த வருஷத்தோட இதுக்குச் சங்குதான்" என்று எழுதியே கொடுத்துவிட்டார். வேறு இயந்திரம் வைக்க அவள் முற்றத்தில் இடமில்லை. குழாய் வந்தால்தான் உண்டு.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வேலி ஓரம் வந்து நின்றாள்.

"சார், எத்தனை ஆச்சு?"

"இருபத்தொன்பது வாங்கிட்டேம்மா!"

"உங்களோடது சேத்து முப்பது. அப்பாடா!"

"அதுல பாருங்க, நகராட்சிக்கு அறுபத்து மூணு கேள்வி அனுப்பியிருந்தேன். அறுபத்திரண்டுக்குப் பதில் வந்திருச்சு."

"மிச்சம் ஒண்ணு?"

"தோண்டுற மண்ணை அதே அடுக்கு வரிசையில திருப்பிப் போடுவாங்களான்னு."

"சார்! என் பிள்ளைங்க வீட்டுக்குள்ள தொப்பி போட்டுக்கிட்டுத் தூங்குதுங்க. மண்ணு எந்த வரிசையில விழுந்தா என்ன?"

"உங்க கஷ்டம் புரியாமலா நான் இவ்வளவு அலையறேன்?"

பொய்யில்லை. நிஜமாகவே அலைந்தார். அதுதான் வயிற்றெரிச்சல்.

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு நகராட்சி போய்ச் சேர்ந்தார். வண்ணத் தாள் வைத்துப் பிரித்து அடுக்கிய கோப்பை அதிகாரி ஹில்காவிடம் கொடுத்தார். அவள் எண்ணினாள்.

"இருபத்தொன்பதுதான் இருக்கு. உங்க படிவம்?"

"மண் விஷயத்துக்குப் பதில் எழுத்துல வரட்டும்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பரபரவென்று ஒரு தாளில் எழுதி நீட்டினாள். "அதே வரிசையிலதான் போடுவோம் சார். இந்தாங்க பேனா."

ப்ரூமல் பேனாவை வாங்கினார். மூடியைக்கூடத் திறந்துவிட்டார். போடத்தான் நினைத்தார், பாவம். தாளை ஒரு தடவை படித்தார். அப்புறம் இன்னொரு தடவை.

"கீழே முத்திரை இல்லையே?"

முத்திரை மேலதிகாரியின் அறைக்குள். மேலதிகாரியோ வெள்ளிக்கிழமைகளில் பதினொன்றரைக்கே கிளம்பிவிடுகிறவர். ஹில்கா கெஞ்சினாள், ப்ரூமல் விளக்கினார், மணி பன்னிரண்டு அடித்தது. இருபத்தொன்பது படிவம் ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கி, தேதி சரியா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

ஸ்வென்யா கத்தவில்லை. "எதிர்ப்புன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார். கையெழுத்துப் போட மாட்டேன்னுட்ட அந்த மூலை வீட்டுக்காரர் கால்ல விழுந்தாவது அவர்கிட்ட ஒண்ணு வாங்கியிருப்பேன்" என்றாள்.

"எதிர்ப்பா? நானா?" ப்ரூமலுக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை ஸ்வென்யா இரண்டு மின்சாரக் கணப்பு வாங்கி வந்தாள். அதே திங்கட்கிழமை ப்ரூமல், நகராட்சியின் மெத்தனத்தைக் கண்டித்து ஒரு மனுத் தயாரித்தார். முதல் கையெழுத்து அவருடையது. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், மொட்டை மாடியில் சோலார் போட உங்கள் அடுக்ககச் சங்கம் கொடுத்த படிவம் எங்கே என்று கொஞ்சம் தேடுங்கள். "நல்ல விஷயம் சார், பாத்துட்டுச் சொல்றேன்" என்று வாங்கி வைத்தீர்களே, அதுதான். கடைசித் தேதி என்றைக்கு? உங்களையும் சேர்த்துத்தான் கீழ்வீட்டுக்காரர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.