மேல் பட்டனும் கீழ் பட்டனும்

கெட்டிக்காரத்தனத்தைக் காட்டலாம் என்று நான் இறங்கிய எந்தக் காரியமும் உருப்பட்டதில்லை. அதிலும் பெண்ணின் அப்பா முன்னால் காட்டியது தனி ரகம்.

அப்போது வண்டன்மேட்டில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்தேன். (கடையில் இருந்த ஒரே டிசைனர் நான்தான். அம்மா வெளியே சொல்லும்போது 'தலைமை டிசைனர்'.) கவிதாவைப் பெண் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பிடித்துப்போயிற்று. அவளுக்கும் சம்மதம். ஏலத்தோட்ட சூப்பர்வைசரான அவள் அப்பா மட்டும், "பையன் வேலைய நேர்ல பாத்துட்டுதான் முடிவு சொல்லுவேன்" என்றுவிட்டார்.

என் வேலை டேப்லெட்டில். பேனாவால் அந்தப் பலகையில் கிறுக்கினால் கணினித் திரையில் கோடு விழும். ஓரத்தில் ஆறு பட்டன்கள். எது என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே அமைத்துக்கொள்ளலாம். மேல் பட்டன், கடைசியாகப் போட்ட கோட்டை அழிக்கும். கீழ் பட்டன் எங்கள் கடையின் உயிர்நாடி: ஒரே அமுக்கில் படம் கறுப்பு வெள்ளையாகும், மாலை விழும், இருபுறமும் விளக்கு எரியும், மேலே 'கண்ணீர் அஞ்சலி' வரும். 'மறைவு' என்பதற்கு நேராக அன்றைய தேதியும் தானாக ஏறும். (அந்த யோசனைக்காக முதலாளி எனக்குப் பரோட்டா வாங்கித் தந்தார்.)

கவிதாவின் அப்பா வருவதாகச் சொன்ன நாளில், நான் கிளம்பும்போது அம்மா வழிமறித்தாள்.

"டேய், அவரு முன்னாடி பீச்சாங்கையில வரைஞ்சு தொலைக்காத. நல்ல காரியம் பேசுற நேரம்."

நான் பிறவி இடக்கையன். சொன்னால் கேட்கிற பிள்ளை வேறு. பட்டன்கள் இடது பக்கம் வரும்படி டேப்லெட்டைத் தலைகீழாகத் திருப்பி, கணினியிலும் வலது கைக்கு மாற்றி வைத்தேன். பலகை திரும்பினால் மேல் பட்டன் கீழே போய்விடும், கீழ் பட்டன் மேலே வந்துவிடும் என்பது மட்டும் இந்தத் தலைமை டிசைனரின் மூளைக்கு எட்டவில்லை.

கவிதாவையும் அழைத்துக்கொண்டு அவள் அப்பா வந்தார். அவரைப் போட்டோ எடுத்துத் திரையில் போட்டு, அதன்மேல் வரைய ஆரம்பித்தேன். பழக்கமில்லாத வலது கை, மீசையைக் காதுவரை இழுத்துவிட்டது. அழிக்கலாம் என்று மேலே இருந்த பட்டனை அமுக்கினேன்.

மனிதருக்கு மாலை விழுந்தது. பதறிப்போய் மறுபடி அமுக்கினேன். இன்னொரு மாலை. மூன்றாவது அமுக்கில், ஆறு விளக்குகளுக்கு நடுவே, அன்றைய தேதியில் காலமாகியிருந்தார்.

கவிதா துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். கல்யாணம் போயிற்று என்று நிச்சயமாகி எனக்கும் கண் கலங்கிவிட்டது. "கை மாறிப் போச்சு சார்... எனக்கு எடது கைதான்... அம்மாதான் வேணாம்னு..." என்று உளறினேன்.

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தன் மறைவுச் செய்தியை நிதானமாகப் படித்தார்.

"தேதியெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க. அம்மா பேச்சக் கேட்டதும் நல்லதுதான். ஆனா இனிமே எந்தக் கை வருதோ அந்தக் கையிலயே வரைங்க மாப்ளே."

மாப்ளே! அந்த ஒரு வார்த்தைக்கு நான் நாற்காலியைவிட்டு எழுந்தே நின்றுவிட்டேன். கவிதா அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்தது.

அதன்பிறகு எங்கள் வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும், என்னைக் காட்டி, "அவரப் பட்டன் பக்கம் விடாதீங்க" என்பார்கள். போன மாதம் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்து, தேனியில் ஆபரேஷன். கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அவர் கண் விழித்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். கட்டிலைச் சுற்றி இருந்த மெஷின்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்:

"எதையும் அமுக்கிராதீங்க மாப்ளே."