மருதாணிக்கும் அவுரிக்கும் நடுவில்

இனாயத் வாத்தியார் மறுபடி இளைஞனாகிவிடுவது என்று தீர்மானித்தார். நாளைக் காலைக்குள்.

காரணம் இருந்தது. இஸ்ஃபஹானில் அவரோடு ஆசிரியர் பயிற்சி படித்தவர்கள் முப்பது வருஷம் கழித்து ஆற்றங்கரையில் கூடுகிறார்கள். அந்த நாளில் அவர் தலைமுடி கல்லூரி முழுக்கப் பேர்போனது. மாலையில் பாலத்து வளைவுகளுக்கடியில் எல்லாரும் தர்பூசணி விதை கொறித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். யாராவது கவிதை சொல்வார்கள். ஆற்றுக்காற்று வந்து, வேறு வேலை இல்லாததுபோல, இவர் தலையை மட்டும் கலைத்துவிட்டுப் போகும். இப்போது வந்தால் அது வெள்ளையைத்தான் கலைக்க வேண்டும்.

யஸ்த் நகரத்தில் பிறந்தவனுக்கு இதற்கு வழி சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரே மருதாணி அரைக்கிற ஊர். முதலில் மருதாணி, அது நரையைச் செக்கச்செவேலென்று ஆக்கும். அதன்மேல் அவுரி, அப்போதுதான் கறுக்கும். முன்பெல்லாம் இது தெருக்கோடிப் பொதுக் குளியல் கூடத்தில் நடந்தது. தாடியில் பச்சைக் குழம்பும் கையில் மாதுளையுமாக ஆண்கள் சாய்ந்து கிடந்து, எவர் மாமியார் அதிகக் கொடுமைக்காரி என்று ஆதாரங்களுடன் விவாதிப்பார்கள். அந்தப் பொற்காலம் போயிற்று, கூடத்தை மூடிவிட்டார்கள். பின்மண்டைக்கு மனைவி தேவைப்பட்டாள்.

"தூபா ஜான்!" என்றார். ஜான் என்றால் உயிர். காரியம் இருந்தால் மட்டுமே அவருக்கு அந்த உயிர் வரும்.

"என்ன வேணும்?"

"கொஞ்சம் சாயம் பூசிவிடேன். நாளைக்கு ஒரு கூட்டம்."

"எங்க?"

"இஸ்ஃபஹான்ல. வெறும் ஆம்பளைங்க. உனக்குப் பொழுதே போகாது."

கல்யாணமான மறுநாளே, "அடுத்த வசந்தத்துல உனக்கு அந்த ஆத்தைக் காட்டறேன்" என்று சொன்னவர் அவர். வசந்தங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. பாலத்தின் ஒவ்வொரு வளைவும் தூபாவுக்கு மனப்பாடம். ஒன்றையும் பார்த்ததில்லை.

அவள் எழுந்து உள்ளே போனாள். தேயிலைத் தண்ணீரில் மருதாணியைக் குழைத்தாள், அப்பினாள், துணியைச் சுற்றினாள். சாயங்காலம் அலசிவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தாள். வாத்தியாரின் கழுத்துக்கு மேலே சூரியன் அஸ்தமித்துக்கொண்டிருந்தது.

"பிரமாதம். அவுரியைக் கொண்டா."

"நானும் வரேன்."

"எங்க?"

"ஆத்துக்கு."

"பஸ்ல கூட்டம் தூபா. உனக்கு முதுகுவலி வேற."

"முதுகுவலி பஸ்ஸுக்கு வருமா, எனக்கு வருமா? வந்தா நான் பாத்துக்கறேன்."

"அவுரிப் பொடி எங்க?"

"பத்திரமா இருக்கு."

"நான் கடையில வாங்கிக்கறேன்."

"தாராளமா. இந்தத் தலையோடதானே? உங்க பள்ளிக்கூடப் பசங்க எல்லாம் இந்த நேரத்துல கடைத்தெருவுலதான் நிப்பானுங்க."

கதவு வரை போன வாத்தியார் திரும்பி வந்தார். யோசித்தார். ஒப்புக்கொள்வது, தலையைக் கறுப்பாக்கிக்கொள்வது, இவள் எழுமுன் விடிகாலை பஸ்ஸைப் பிடிப்பது. வாக்குக் கொடுப்பதில் அவருக்கு முப்பது வருஷப் பயிற்சி இருந்தது.

"சரி. நீயும் வா."

"எங்க அம்மா மேல சத்தியமா?"

"உங்க அம்மா மேலதானே? சத்தியமா! இப்ப குழை."

"குழைக்கிறேன். இஸ்ஃபஹான்ல, உங்க அண்ணன் வீட்ல போய் இறங்கினதும்."

"ஏன், இங்கயே பூசினா என்ன?"

"இங்க பூசினா விடியறதுக்குள்ள செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடந்துடுவீங்க. எனக்குத் தெரியாதா?"

அவுரிப் பொடியை அவள் தன் கைப்பையில் வைத்தாள். அந்தப் பையைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் தூபா. பக்கத்தில், தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்ட வாத்தியார். ஊர் எல்லை தாண்டியதும் அவருக்குப் பழைய காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. இவ்வளவு தூரம் வந்தபின் கோபம் எதற்கு? கனைத்துக்கொண்டார்.

"தூபா, அந்தப் பாலம் இருக்கே, சாயங்கால வெயில் வளைவுக்குள்ள விழும்போது..."

"போதும், அதை நானே பாத்துக்கறேன். நீங்க தொப்பியைச் சரி பண்ணுங்க, பின்னாடி எரியுது."