பன்னிரண்டு வெள்ளை விரிப்புகள்

பிளீச்சில் மூன்றாம் தடவை முக்கி எடுத்தபோது படுக்கை விரிப்பு டிகிரி காபி நிறத்துக்கு வந்திருந்தது. காலையில் அது வெறும் பால் டீயாகத்தான் இருந்தது.

கொடைக்கானலில் அந்தக் காட்டேஜைப் பதினாலு வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் அடைக்கலராஜ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு விரிப்பும் பாழ். கறையைப் பார்த்து முகம் சுளித்து ரெண்டு குடும்பம் ரூமைக் காலி பண்ணிக்கொண்டு போயாகிவிட்டது. முதலாளி சேனாதிபதி போனில் ஒரே வரிதான் சொன்னார்: "நாளைக்கு வெள்ளனே ஒரு ஆளோட வர்றேன்."

ஆள் என்றால் வேறு யார்? தனக்குப் பதில் ஆள்தான். வேலை போனால் பின்னாலிருக்கும் குடியிருப்பும் கூடவே போகும்.

"இன்னுங் கொஞ்சம் பிளீச் ஊத்துங்களேன்," என்றாள் மனைவி கித்தேரியம்மாள்.

ஊற்றினார். விரிப்பு இன்னும் கறுத்தது.

பக்கத்து வீட்டு சுஜிதா பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துப் பதறிவிட்டார்.

"அண்ணே, நிறுத்துங்க! ஒங்க புது போர் தண்ணியில மாங்கனீசு இருக்கு. கரைஞ்சு கெடக்குறப்ப கண்ணுக்குத் தெரியாது. பிளீச் பட்டா பழுப்பாகித் துணியில ஒட்டிக்கிரும்."

"அது என்ன சனியன் டீச்சர்?"

"ஒரு உலோகம்ண்ணே. இரும்போட சேத்தா தண்டவாளம் தேயாது. டார்ச் பேட்டரிக்குள்ள கறுப்பா இருக்கே, அதுலயும் இருக்கு."

"ரயிலே ஏறாத மலைக்குத் தண்டவாளச் சாமான் எதுக்குங்க?" அடைக்கலராஜுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எலுமிச்சைச் சாறுல ஊறப் போடுங்க, விட்டுரும். பிளீச்சைத் தொட்டுராதீங்க."

சந்தையிலிருந்த எலுமிச்சை பூராவும் மூட்டையாக வந்திறங்கியது. புருஷனும் பெண்டாட்டியும் விரல் எரிய எரியப் பிழிந்தார்கள். பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டும் பளீரென்று வெளுத்துவிட்டன.

மறுநாள் காலை சேனாதிபதியின் காரிலிருந்து ஒரு தொந்திக்காரர் இறங்கினார்.

"அடைக்கலம், இவருதான் போர் போட்ட முருகானந்தம். புது போருக்கு அப்புறந்தான் இந்தக் கறை, தப்பு ஒங்க மேல இல்ல, தண்ணியிலதான்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாரு. வெரசா அந்தக் கறை விரிப்பை எடுத்துக் காட்டுங்க. ஃபில்டர் மாட்டிக் குடுக்காம போவாரான்னு பாப்போம்."

அடைக்கலராஜ் மெல்லத் துணிக்கொடியைக் காட்டினார்.

முருகானந்தம் ஒவ்வொரு விரிப்பாகத் தடவிப் பார்த்தார். "எந்தத் தண்ணியில அலசுனதும்மா?"

"போர் தண்ணிதாங்க!" என்றாள் கித்தேரியம்மாள், பெருமை தாங்காமல்.

முருகானந்தம் சேனாதிபதி பக்கம் திரும்பினார். "அப்ப கறை தண்ணியில இல்ல மொதலாளி, இத்தன நாளாத் தொவச்ச கையிலதான் இருந்திருக்கு."